புரோகிராமுக்குள் எக்செல் ஃபைல் திறப்பது

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் கல்லூரி இடம் கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கிளைகளிலிருந்து வரும் எக்செல் ஃபைல்களை உன் சி ஷார்ப் புரோகிராம் திறந்து படிக்கிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் எக்செல் மூடாமல் குவிகிறது என்கிறாய். 'ஆப்.வொர்க்புக்ஸ்.ஓப்பன்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பாய். நடுவில் வரும் வொர்க்புக்ஸும் தனி ஆப்ஜெக்ட்தான். அதற்கு வேரியபிள் இல்லாததால் உன்னால் விடுவிக்க முடியாது. பயன்படாத ஆப்ஜெக்ட்களைத் தானே அகற்றும் கார்பேஜ் கலெக்டர் வரும்வரை எக்செல் நகராது. ஒவ்வொரு படிக்கும் தனி வேரியபிள் வை. வேலை முடிந்ததும் ஃபைலை மூடி, க்விட் சொல்லி, திறந்த வரிசைக்கு நேர்மாறாக ஒவ்வொன்றையும் விடுவி. நடுவில் பிழை வந்தாலும் இது நடக்க வேண்டும், அதனால் பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் எழுது.

ஃபைலின் முழுப் பாதையையும் கொடு. உன் புரோகிராம் நிற்கும் ஃபோல்டர் எது என்று எக்செல்லுக்குத் தெரியாது. ரீட் ஒன்லியாகத் திற, அப்டேட் லிங்க்ஸ் 0 வை, டிஸ்ப்ளே அலர்ட்ஸை அணைத்துவிடு. இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஜன்னலில் எக்செல் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும், உன் புரோகிராமும் கூடவே நிற்கும். வெளியிலிருந்து வரும் ஃபைல் என்பதால், திறப்பதற்கு முன்பே ஆட்டோமேஷன் செக்யூரிட்டியை 3 ஆக்கு, ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ என்ற சிறு புரோகிராம் ஓடாது.

ஆனால் இதையெல்லாம் சர்வரில் ஆளில்லாமல் ஓட்டப்போகிறாய் என்றால் இந்த வழியே வேண்டாம். மைக்ரோசாஃப்டே அதைப் பரிந்துரைப்பதில்லை. உனக்கு வேண்டியது எண்கள்தானே, எக்செல் இல்லையே. எக்செல்லின் இன்றைய ஃபைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது, எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவ ஃபைல்களை உள்ளே வைத்த ஜிப் ஃபைல். பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பார், தாள்கள் தனித்தனி ஃபைல்களாகத் தெரியும். ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே அல்லது க்ளோஸ்டு எக்ஸ்எம்எல் என்ற லைப்ரரியைக் கொண்டு எக்செல் இல்லாமலே படிக்கலாம். நான் இதைத்தான் சொல்வேன்.

இதிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஃபார்முலா உள்ள கட்டத்தில் ஃபார்முலாவோடு, எக்செல் கடைசியாகக் கணக்கிட்ட விடையும் சேர்ந்து இருக்கும். வேறொரு மென்பொருள் உருவாக்கி, எக்செல்லில் ஒருமுறைகூடத் திறக்காத ஃபைல் என்றால் அந்த விடை பெரும்பாலும் இருக்காது. கட்டம் காலியாக வந்தால் முதலில் இதைச் சந்தேகி. தேதியும் அப்படித்தான்: உள்ளே இருப்பது வெறும் எண், 1900 தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள் கணக்கு. 45658 என்றால் 2025 ஜனவரி 1. தேதி என்று காட்டுவது கட்டத்தின் ஃபார்மேட் மட்டுமே. சில ஃபைல்கள் 1904-ஐத் தொடக்கமாக வைத்திருக்கும். அப்போது 1462 நாள் தள்ளிப்போகும்.

ஃபைல் பெயரின் வால் பகுதியை நம்பாதே. முதல் சில பைட்டுகளை ஹெக்ஸ் எண்களாகப் பார். 50 4பி என்று தொடங்கினால் ஜிப். டி0 சிஎஃப் 11 ஈ0 என்றால் பழைய எக்ஸ்எல்எஸ், அல்லது பாஸ்வேர்டு போட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ். இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைத்து உள்ளே எச்டிஎம்எல் அட்டவணை இருப்பதும் உண்டு.

பழைய கிளைகளிலிருந்து யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பெயர்கள் வந்தால், புரோகிராம் படிப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும்தான். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

மாதிரி ஃபைல் ஒன்றை அனுப்பு. தலைப்பு எந்த வரியில் தொடங்குகிறது, ஒன்றிணைத்த கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் எழுது.

அன்புடன்,
ராஜு