மாத்திரையும் பால்காரர் மணியும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வீடு மாறிய அலைச்சலில் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது மகள் வீட்டுக்குப் பக்கத்தில், வேளச்சேரியில், நாலாவது மாடி. லிஃப்ட் இருப்பதால் முழங்கால் தப்பித்தது.

வந்த முதல் வாரத்திலேயே நாலு நாள் பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேன். பதினோரு வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. அப்பாவுக்குக் கடைசியில் வந்த மறதி நினைவுக்கு வந்து, ராத்திரி தூக்கமே இல்லை. மகள் மனோதத்துவம் படித்தவளாயிற்றே, அவளிடம் சொன்னேன். “கும்பகோணத்துல எப்பப்பா மாத்திரை போடுவீங்க?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பால்காரர் சைக்கிள் மணி அடிப்பார், பாலை வாங்கி உள்ளே வைப்பேன், உடனே மாத்திரை. இங்கே பாக்கெட் பால். விடிவதற்குள் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மணிச் சத்தமே கிடையாது!

1966-ல் டல்விங், பேர்ல்ஸ்டோன் என்ற இருவர் செய்த சோதனையை அப்போதுதான் சொன்னாள். வகைவகையாக நிறைய வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, பாதிப் பேருக்கு வெறும் தாள், மீதிப் பேருக்கு அந்த வகைகளின் பெயர் போட்ட தாள். பெயர் பார்த்தவர்கள் அதிகம் எழுதினார்கள். பிறகு வெறும் தாள்காரர்களுக்கும் வகைப் பெயரைக் காட்டினால், மறந்துபோனதாக நினைத்த வார்த்தைகள் வந்து விழுந்தனவாம். சரக்கு உள்ளேதான் கிடக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

1975-ல் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களைக் கடலுக்கடியில் 36 வார்த்தைகள் கேட்க வைத்தார்கள். தண்ணீருக்குள் கேட்டது தண்ணீருக்குள்ளேதான் நன்றாக ஞாபகம் வந்ததாம். 2021-ல் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னாள். கடல் எப்படியோ, என் பால் மணி விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது மாத்திரை அட்டையைக் காபிப்பொடி டப்பாவோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். பத்து நாளாகத் தவறவில்லை.

அப்புறம், ஒரு உதவி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருந்தாரே, நமக்குக் கடன் கொடுப்பவர், அவர் பேர் நாலு நாளாக நாக்கு நுனியில் நிற்கிறது. பேரைச் சொல்லிவிடாதே. கடையில் என்னென்ன விற்றார், என்ன வாசனை வரும், அதை மட்டும் எழுது. வருகிறதா பார்ப்போம்.

அன்புடன்,
ராமு