தமிழ்ல வார்த்தை இல்லையாம்!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நாடகப் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருக்காரு, ஒரே ஆள் நின்னு நீளமா பேசுறதுக்குத் தமிழ்ல தனியா வார்த்தை கிடையாதாம், மோனோலாக்னே வெச்சுக்கலாமாம். படிச்சதும் எனக்குக் காபி இறங்கல. நான் மைக் செட் போட்டு பிழைச்சவன் ஐயா, கோயில் கொடையில இருந்து கட்சி மாநாடு வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்துலயே உக்காந்து அத்தனை பேச்சையும் கேட்டுக் காது மந்தமாப் போனவன், என்கிட்ட வந்து வார்த்தை இல்லைங்கிறீங்க.

சிவன் கோயில்ல பேசினா பிரசங்கம், ஆறுமுக நாவலர் 1847லயே யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல ஆரம்பிச்சு வெச்சது, சர்ச்ல பாதிரியார் பேசினாலும் அதே பிரசங்கம்தான். பெருமாள் கோயில்னா உபன்யாசம். நடுநடுவுல பாட்டும் ஜால்ராவும் சேர்ந்தா காலட்சேபம். காலேஜ்ல விரிவுரை. 1973 டிசம்பர் 19 அன்னைக்கு தியாகராய நகர்ல பெரியார் அந்த வலியோட பேசினாரே, அஞ்சே நாள்ல போயிட்டாரு, அதைப் பேருரைன்னு இன்னைக்கும் சொல்றாங்க. அதையும் மோனோலாக்னு போடுவீங்களோ?

தனக்குத்தானே பேசிக்கிறதுக்கு ஷேக்ஸ்பியர் நாடகத்து ஹாம்லெட்டை விட்டா ஆளே இல்லைங்கிற மாதிரி எழுதியிருக்காரு கட்டுரையாளர். திருக்குறள்ல 125வது அதிகாரத்தைப் புரட்டச் சொல்லுங்க. நெஞ்சொடு கிளத்தல். ஒரு பொண்ணு தன் மனசையே எதிர்ல உக்கார வெச்சு பத்து குறளுக்கும் வாங்கு வாங்குன்னு வாங்குறா. உங்களுக்குத் தெரியாததா, நீங்க பார்க்காமலே அச்சுக்குப் போயிருக்கும்.

சரி அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். வீட்டுல நடக்குறதுக்குப் பேரு அர்ச்சனை. ஆபீஸ்ல மேனேஜர் பண்ணினா டோஸ். கேக்குறவனுக்கு முடியலைன்னா எங்க காலத்துல பிளேடு, ரம்பம், இப்ப பசங்க மொக்கைங்கிறாங்க. இத்தனை வகையா மாட்டிக்கிட்டு முழிச்ச ஜனங்க பேர் வைக்காமலா இருப்பாங்க?

மேடைக்கு வாங்க. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரைன்னு நோட்டீஸ்ல வரிசையா போட்டிருக்கும், சிறப்புரைக்காரர் மைக்கைப் பிடிக்கவே மணி ஒம்பதரை ஆயிடும். பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாது, போலீஸ்காரர் வந்து எங்க பெட்டி பக்கத்துலதான் நிப்பாரு, பேசுறவரைப் பார்க்க மாட்டாரு, என்னையத்தான் முறைப்பாரு. துண்டுச் சீட்டு போகும். அவரு அதை வாங்கி, படிக்காமலே, தண்ணி டம்ளருக்கு அடியில வெச்சுட்டு "இறுதியாக ஒன்றைச் சொல்லி"ம்பாரு. அந்த இறுதிக்கு அப்புறமும் ஒரு அரை மணி நேரம் ஓடும்.

இதைச் சொல்லும்போது ஞாபகம் வருது, எங்க ஊர் நூலக விழாவுக்கு நீங்களே வந்திருந்தீங்க. நோட்டீஸ்ல வாழ்த்துரைன்னுதான் போட்டிருந்தோம். முக்கால் மணி நேரம் வாழ்த்தினீங்க, ரொம்ப நன்றி. அந்த விழாவைப் பத்தி உங்க பத்திரிகையில வந்த செய்தியில தலைவரும் உரையாற்றினார், நன்றி சொன்ன பையனும் உரையாற்றினார். ரெண்டு வாக்கியம் பேசி மாலையை வாங்கிட்டு இறங்கினவனுக்கு உரையாம்! அப்பவே கடிதம் போட்டேன், வரலை. பொங்கல் மலர்ல பாதிப் பக்கம் நகைக்கடை விளம்பரம்னு எழுதினேன், அதுவும் வரலை. விலையை ஏத்தினப்ப பாராட்டி ஒருத்தர் எழுதின கடிதம் மட்டும் கட்டம் கட்டி வந்துது, யாரு ஐயா அந்தப் புண்ணியவான்?

இன்னொண்ணு. 1957ல இந்தியா சார்பா கிருஷ்ண மேனன் ஐ.நா.வுல காஷ்மீருக்காக ரெண்டு நாளா சேர்த்து எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா பேசினதையும் அந்தக் கட்டுரையாளர் இதே மோனோலாக் கணக்குலதான் சேர்த்திருக்காரு. எதிர்த்தரப்பு உக்காந்திருக்குற சபையில நாட்டுக்காக ஒருத்தர் பேசினா அது வாதம் ஐயா. பராசக்தி கோர்ட் சீன் ஒலிச்சித்திரத்தைக் கல்யாண வீட்டுல கொட்டு நிக்கிற நேரமெல்லாம் ஓட விட்டிருக்கேன், சமையக்கட்டுல கரண்டி பிடிச்சவர் கூட சேர்ந்து சொல்லுவாரு. அதை நாங்க வசனம்னோம், யாருக்கும் புரியாமப் போகலை.

பெருசா ஒண்ணும் கேக்கலை. அடுத்த இதழ்ல திருத்தம் போடுற மூலையில ரெண்டு வரி போடுங்க. அப்படியே போன மாசக் குறுக்கெழுத்து விடை இன்னும் வரலை, அதையும் போட்டுடுங்க.

இப்படிக்கு,
மைக் செட் கடைக்காரர்,
அம்பாசமுத்திரம்