கொடை விழாப் படம் உள்ள மெமரி கார்டை மீட்டுத் தரக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
சுடலைமாடசாமி கோயில் வரிதாரர்,
மேலத்தெரு, தாமிரபரணிக் கரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பார்வை: திங்கள்கிழமை மனுநாளில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வாய்க்கால் தூர்வாரும்போது தாங்கள் நிழலுக்கு நின்றீர்களே, அந்த ஆலமரத்தடியில்தான் எங்கள் கொடை நடக்கும். சித்திரை கடைசி வெள்ளியன்று அங்கே நடந்த வில்லுப்பாட்டைச் சிறு ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

1. இரவு 10 மணிக்கு மேல் மைக் செட் ஓடியதென்று காவலர்கள் வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அது தவறுதான். ஒப்புக்கொள்கிறோம்.

2. அன்று காவலர்கள் எடுத்துப்போனதில் ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் மூன்றாம் நாளே தந்துவிட்டார்கள். கேமராவும் இரண்டு மெமரி கார்டும் வரவில்லை. ரசீதும் இல்லை. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. போய்க் கேட்டால் "ரைட்டர் லீவு" என்கிறார்கள்.

3. ஐயா, கேமரா போனால் போகட்டும். அந்தக் கார்டில் இருப்பது எங்கள் வில்லுப்பாட்டுத் தாத்தா. அன்று சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு பாடும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாணில் அடிக்கும் வீசுகோலை வில்லின் மேல் சாய்த்துவைத்து, சுக்குத்தண்ணி ஒரு மடக்குக் குடித்து, குடம் அடிப்பவரைப் பார்த்து "மெல்லடி" என்று சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி எடுத்தார். சாமியாடி அப்போதுதான் எழுந்தார். தாத்தாவின் துண்டில் நான் குத்தியிருந்த சின்ன மைக்கில், வில்மணிச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடப் பதிவாகியிருக்கிறது. ஆனியில் அவர் காலமாகிவிட்டார். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. பழைய கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்று.

4. ஆச்சி தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு என் வாசலில் வந்து நிற்கிறாள். "எய்யா, அவுக சத்தம் வந்துட்டா?" நான் என்ன சொல்ல? மூன்று மனுவுக்கும் மூன்று ரசீது வைத்திருக்கிறேன், அதைக் காட்டவா? விரல் நகத்தளவு கார்டு, ஐயா! அதை ஒரு கவரில் போட்டுக் கொடுக்க எத்தனை திங்கள்கிழமை வேண்டும்? மைக் செட் போட்டதற்குத் தாத்தா குரல் என்ன செய்யும்?

5. வழக்குக்கு வேண்டுமென்றால் கார்டை வைத்துக்கொள்ளட்டும். காவலர் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன். அழித்துவிட மட்டும் வேண்டாம். கேமரா பிறகு வரட்டும், கார்டை முதலில் தரச் சொல்லுங்கள். கார்டைத் தரச் சொல்லுங்கள் ஐயா.

இணைப்பு: மனு ரசீதுகள் 3.

இப்படிக்கு,
படம் எடுத்தவன், மேலத்தெரு.