சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனிதனுக்குக் குரு தேவையா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தேவையில்லை என்பது கட்டுரையாளரின் தீர்ப்பு. சாட்சிக்கு ரமணரைக் கூப்பிட்டிருக்கிறார். பதினாறு வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்கு ஞானம் வந்துவிட்டது, பிறகு நமக்கு எதற்கு இடைத்தரகர் என்கிறார். நான் பண்ருட்டிக்காரி. ரமணர் நடந்து போன வழி எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. அதனால் இதில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பையன் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனான். தகப்பனாரைத் தேடிக்கொண்டு, அவர் உத்தரவுப்படி போகிறேன் என்று அதில் இருக்கிறது. தகப்பனார் என்றது அண்ணாமலையாரை. உத்தரவு போட ஒருவர் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். பிற்பாடு கேட்டவர்களிடமும், குரு மனித உருவில்தான் வரவேண்டும் என்பதில்லை என்றாரே தவிர, குருவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு அந்த அண்ணாமலைதான் குரு. சரி, மலையை விடுங்கள். கையிலிருந்த காசு ரயிலுக்கு மாம்பழப்பட்டு வரைதான் காணும். அங்கிருந்து கீழூர் வரை நடை. கீழூரில் கோகுலாஷ்டமியன்று ஒரு பாகவதர் வீட்டில் வயிறாரச் சோறு போட்டார்கள். காதிலிருந்த கடுக்கனை ஈடாக வாங்கிக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தார்கள், பலகாரமும் கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள், செப்டம்பர் 1, அந்தக் காசில் ரயிலேறித் திருவண்ணாமலை. யார் துணையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதனால் நான் குருமார் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம்.

அஞ்சலகத்தில் முப்பத்து நாலு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். நாலு வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். முதல் வருடத் திதி முடிந்த கையோடு என் நாத்தனார், 'அண்ணி, இப்படியே உட்கார்ந்திருந்தா ஆகாது' என்று சென்னையில் ஒரு முகாமுக்கு அழைத்துப் போனார். யாருடைய முகாம் என்பது இங்கே வேண்டாம். முதல் நாள் இலவசம். இரண்டாம் நாளிலிருந்து கட்டணம். முன்வரிசை நாற்காலிக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை, கழுத்தில் தொங்கவிடும் அட்டைக்கும் அதற்கேற்ற நிறம். எங்கள் ஆபீசிலும் அப்போது பதிவுத் தபாலுக்கும் சாதாரணத் தபாலுக்கும் கட்டணம் வேறாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தபாலானாலும் எழுதிய விலாசத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம்.

மூன்றாம் நாள் கேள்வி நேரம். மேடையில் யாரும் நேராகக் கேட்க முடியாது, சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதினேன்: 'அவர் சட்டைகள் எல்லாம் பீரோவில் அப்படியே இருக்கின்றன. எடுத்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?' சீட்டு வாங்கிப் போன தொண்டர் பையன் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். 'அம்மா, இது லௌகீகமான கேள்வி. கொஞ்சம் ஆன்மிகமா எழுதிக் குடுங்க' என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பக்கத்து நாற்காலிப் பெண் ஆத்மாவுக்கு அழிவு உண்டா என்று கேட்டிருந்தாள். அந்தச் சீட்டு மேடையேறியது. முகாம் நடத்துகிற குரு இருபது நிமிடம் பதில் சொன்னார். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது. குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குழியில் விழும் என்ற திருமூலர் பாட்டையும் சொன்னார். மற்ற குருமாரைப் பற்றி.

கட்டுரையாளரும் சரி, அந்த மேடைக்காரரும் சரி, குரு என்றால் ஒரே ஆள், பெரிய ஆள், வாழ்க்கை முழுவதற்கும் பதில் வைத்திருக்கிற ஆள் என்றே நினைக்கிறார்கள். ஒருவர் அப்படி ஒருத்தர் வேண்டாம் என்கிறார், மற்றவர் அது நான்தான் என்கிறார். எங்கள் ஊர்க் கதை அப்படி இல்லை.

பண்ருட்டியை ஒட்டித்தான் திருவதிகை. பிற்பாடு அப்பர் ஆனவர் அப்போது சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரில் தலைமையில் இருந்தார். அவருக்குச் சூலை நோய், அதாவது கடுமையான வயிற்று வலி வந்தது. வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. சமையல்காரரை அக்காவிடம் தூது அனுப்பினார். அந்த மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று திலகவதியார் சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் தம்பிதான் இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தார். அக்கா தத்துவம் எதுவும் பேசவில்லை. திருநீறு கொடுத்தார். விடிகிற நேரம், அன்றாடம் கோயிலுக்குச் செய்கிற வேலைக்கு அலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார், தம்பியையும் கூட்டிப் போனார். பெரிய புராணம் இதை இப்படித்தான் சொல்கிறது. அலகு என்றால் துடைப்பம்தான். 'கூற்றாயினவாறு' என்று தம்பி பாடத் தொடங்கிய பிறகு அக்கா மேடைக்கு வரவே இல்லை. அந்தத் துடைப்பம்தான் பிற்பாடு அப்பர் கையில் கோயில் புல் செதுக்கும் உழவாரம் ஆயிற்றோ என்று எனக்குத் தோன்றும். புலவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது.

இன்னொன்று. திலகவதியாருக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காகத்தான் இருந்தார். கோயிலில் அவர் சந்நிதிக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

முகாமிலிருந்து வந்த பிறகு, எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஓய்வு பெற்ற ஓதுவார் ஒருவர் நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு படிப்பவர்களில் பாதிப் பேர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். காசு வாங்க மாட்டார். விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, அவ்வளவுதான். அப்பருடைய 'மாசில் வீணையும்' பாட்டில் கடைசிச் சொல்லை மட்டும் எனக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார். 'நிழல் இல்லம்மா, நீழல். அங்க இழுக்கணும். அவசரப்படாதீங்க.' வாழ்க்கையைப் பற்றி இதுவரை எனக்கு ஒரு உபதேசமும் செய்ததில்லை.

ஒரு நாள் பிள்ளைகள் போன பிறகு சட்டை விஷயத்தை அவரிடம் சொன்னேன். திருமுறைப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். 'குடுக்கணும்னு தோணும்போது குடுத்துக்கலாம். அதுவரைக்கும் பூச்சி அரிக்காம அப்பப்ப வெயில்ல போட்டு எடுங்கம்மா' என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மொட்டை மாடிக் கொடியில் பதினோரு சட்டையும் போட்டேன்.

இவரைக் குரு என்று நான் கூப்பிட்டால் அவரே சிரிப்பார். சார் என்றுதான் கூப்பிடுகிறேன்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. குரு தேவையில்லை என்று அந்தக் கட்டுரை முடிகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முழுக்க வண்ணத்தில் ஒரு மூன்று நாள் ஞான முகாம் விளம்பரம். தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, முன்பதிவு எண் இருக்கிறது. கட்டணம் மட்டும் இல்லை. அடுத்த முறை விளம்பரம் கொடுக்கிறவர்களிடம் அதையும் எழுதி வாங்கிப் போடுங்கள். முன்வரிசை எவ்வளவு, பின்வரிசை எவ்வளவு என்று தனித்தனியாக.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பண்ருட்டி