வள்ளி திருமணம் பாத்துட்டு வந்தேன் மாப்ள

மாப்ள, எப்படிடா இருக்க? தங்கச்சிக்கு கால்வலி தேவலையா? இங்க மூத்தவனுக்கு ஓசூர் பக்கம் வேல கெடச்சிருச்சு, சம்பளம் சுமார்தான், ஆனா வீட்ட விட்டு கெளம்புனானே அதுவே பெருசு.

பங்குனி பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தேன், வள்ளி திருமணம் நாடகம் போட்டாங்க, ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு விடியுற வரைக்கும். வள்ளி புதுக்கோட்டை பக்கம், நாரதர் மதுரை, ஆர்மோனியக்காரர் வேற ஊரு, சாயங்காலம் மேக்கப் போடுற எடத்துலதான் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ரிகர்சலே கெடையாது, ஸ்பெஷல் நாடகம்னா அப்படித்தான். ஆனா நாரதரும் வள்ளியும் தர்க்கத்துல எறங்குனப்ப பாக்கணுமே, அவரு ஒண்ணு கேக்க இந்தம்மா பாட்டுலயே திருப்பி குடுக்க, ஒரு மணி நேரம் ஒருத்தரும் எந்திரிக்கல. எல்லாருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன பாட்டு மனப்பாடம், அதனாலதான் முன்னபின்ன தெரியாதவங்க கூட சேந்து ஆட முடியுது. (பபூன் டான்ஸ்தான் ரொம்ப இழுத்துட்டாங்க, பொம்பளைங்க பாதி பேரு தலைய குனிஞ்சிட்டாங்க.)

சுவாமிகள் 1867ல தூத்துக்குடியில பொறந்தவரு, உப்பளத்துல கணக்கு எழுதிட்டு இருந்து நாடகத்துக்கு வந்தாரு. பெரிய நடிகருங்க அவங்க இஷ்டத்துக்கு பேசுறாங்க, கட்டுப்பாடு இல்லன்னு கடுப்பாகித்தான் பையன்கள வெச்சு கம்பெனி நடத்துனாருன்னு சொல்லுவாங்க. 1918ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா ஆரம்பிச்சாரு, பின்னாடி பேரெடுத்த நாடகக்காரங்க டி.கே.எஸ். சகோதரர்கள் அதுல வளந்தவங்கதான். எம்ஜிஆர், சிவாஜி எல்லாம் இந்த மாதிரி பாய்ஸ் கம்பெனில இருந்துதான் சினிமாவுக்கு போனாங்க. கூத்த பாரு மாப்ள, கட்டுக்கோப்பா நடந்த கம்பெனி ஒண்ணு கூட இன்னைக்கு இல்ல, அவரு எத பாத்து தலையில அடிச்சுக்கிட்டாரோ அந்த ஆளுக்கொரு பக்கம் இருந்து வந்து ஆடுற கூட்டந்தான் அவரு பாட்ட இன்னும் பாடிக்கிட்டு கெடக்கு.

அந்த இஷ்டத்துக்கு பேசுறதுலயும் ஒரு நல்லது நடந்துருக்கு. வெள்ளக்காரன் காலத்து நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்துல நின்னு, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதுன கொக்கு பாட்ட பாடுவாராம், வெள்ளக் கொக்குன்னா வெள்ளக்காரன்னு கூட்டத்துக்கு புரிஞ்சு விசில் பறக்கும். 1876லயே நாடகத்த தடை பண்ண சட்டம் கொண்டாந்துட்டான் வெள்ளக்காரன், ஆனா புஸ்தகத்துல இல்லாதத மேடையில சேத்து பாடுறவன எங்க புடிச்சு தணிக்க பண்றது? ஆள புடிச்சு உள்ள போடத்தான் முடிஞ்சுது, பலவாட்டி போட்டான். 1940 டிசம்பர் 31, மெட்ராஸ் ராயல் தியேட்டர்ல மயில் மேல முருகனா உக்காந்து பாடிக்கிட்டு இருக்கும்போதே உசுரு போயிருச்சு மனுசனுக்கு.

உங்கப்பா ஒரு பவளக்கொடி நாடக புஸ்தகம் வெச்சிருந்தாருல்ல, அட்ட கிழிஞ்சது, அது இன்னும் இருக்கா? இருந்தா பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வாட்சப்ல அனுப்புடா, செல்லரிச்சிருந்தாலும் பரவால்ல. ஆடிக்கு இங்க அந்த நாடகந்தான் போட போறதா பேச்சு, நீயும் வந்துரு.