அண்ணனுக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம்: வார்டு கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக் கட்சி வார்டு கமிட்டி நண்பர்களுக்கு வணக்கம்.

அண்ணன் வார்டு தலைவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறார், விழா எடுக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தீர்கள். எடுக்க வேண்டியதுதான். ஆனால் கூடவே ஒரு ஃபிளெக்ஸ் டிசைன் போட்டீர்களே, அதில் மேலிடத்துத் தலைவர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள், அண்ணன் மூலையில் தபால்தலை அளவில் இருக்கிறார். விழா யாருக்கு? 2018இல் ஹைகோர்ட் கண்டித்த பிறகு மாநகராட்சியே ஃபிளெக்ஸைத் தடை செய்த ஊர் இது. அப்போது நம் தெருவில் கட்டியிருந்ததை எல்லாம் பசங்களை விட்டு அவிழ்க்கச் சொன்னவரே அண்ணன்தான். இப்போது கட்டினால் அவரே வந்து கிழித்துவிடுவார்.

நான் கட்சிக்காரன் இல்லை. எழுதுவதற்குக் காரணம் என் அம்மா. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் அம்மா பெயரைக் காணோம். அண்ணன் எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டியலில் பெயர் சேர்க்கும் ஃபார்ம் 6ஐ ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினார். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, ‘தமிழ்ச்செல்வி’யைக் கன்னடத்தில் எப்படி எழுதுவது என்பதிலேயே குழப்பம் வரும். ஆதாரை வாங்கி இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். போகும்போது, “ஓட்டு நமக்குப் போட்டுடுங்கம்மா” என்றார், அது வேற விஷயம். அம்மா போட்டாரா என்று எனக்கும் தெரியாது.

மாநகராட்சிக்கு 2015இல் தேர்தல் நடந்தது, 2020 செப்டம்பரில் அந்த கவுன்சில் முடிந்தது. அப்புறம் வருடக்கணக்கில் கார்ப்பரேட்டரே கிடையாது. குழாயில் சாக்கடை கலந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் மாநகராட்சியில் எந்தப் பதவியும் இல்லாத இவரிடம்தான் போனார்கள். இவர் என்ன செய்வார்? இன்ஜினியருக்கு போன் போடுவார், எடுக்கவில்லை என்றால் பஸ் பிடித்து நேரில் போய் நிற்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் நீள நோட்டு ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பூத் வாரியாக வீடு வீடாக எழுதியிருப்பார்: ‘மாடி வீடு, ஓசூர் போயாச்சு’, ‘பாட்டி, நடக்க முடியாது, ஆட்டோ’, ‘பையனுக்கு ஜனவரியில் 18’. அந்த நோட்டை இப்போது உங்களில் யாருக்குப் படிக்கத் தெரியும்? ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஐந்தரைக்கே கட்சியின் பூத் ஏஜெண்ட் போய் உட்கார்ந்து, இயந்திரத்தில் மாதிரி ஓட்டு குறைந்தது 50 போட்டு எண்ணி அழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று பசங்களை எழுப்பிவிடுவது யார்? 2024 மக்களவைத் தேர்தலில் ஏஜெண்டாக இருந்த ஒரு தம்பி சாயங்காலம் 17சி படிவத்தை வாங்காமலே வந்துவிட்டான். அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்பதற்கு நம் கையில் இருக்கும் சான்று அதுதான். அண்ணன் திட்டவில்லை, அவனைக் கூட்டிக்கொண்டு திரும்ப பூத்துக்கே போய் வாங்கி வந்தார்.

அதனால் ஃபிளெக்ஸ் காசை வேறு செலவுக்கு வையுங்கள். இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, இந்த மாதமே அவரோடு அனுப்புங்கள், நோட்டோடு தெருத்தெருவாக நடக்கட்டும். சால்வை போடுங்கள், யார் வேண்டாம் என்றது? மேடையில் அவரையும் பேச விடுங்கள், கடைசி ஆளாக இல்லை, கூட்டம் இருக்கும்போதே.

அப்புறம், மேடையை உயரமாகப் போடாதீர்கள். அவருக்கு முட்டி வலி.