கதவைச் சாத்திவிட்டு வெளியே போனவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மற்ற எட்டுப் பேரும் ஆங்கிலத்தில் நன்றி எழுதிவிட்டார்கள். அம்மாவும் படிக்க வேண்டும் என்பதால் நான் தமிழில் எழுதுகிறேன்.

நியூயார்க்கின் குயின்ஸில் இந்த வசந்தத்தில், ஓர் அறக்கட்டளையின் பணம் எந்த இளம்பெண்கள் குழுக்களுக்குப் போக வேண்டும் என்று ஒன்பது பெண்கள் உட்கார்ந்து முடிவுசெய்தோம். கறுப்பினப் பெண்கள், லத்தீன் அமெரிக்க வீட்டுப் பிள்ளைகள், வங்காளதேசத்துப் பெண் ஒருத்தி, அப்புறம் நான். மூத்தவளுக்கே வயது 23.

முதல் நன்றி அறக்கட்டளை ஊழியர்களுக்கு. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, விண்ணப்பங்களுக்கு நாங்கள் மதிப்பெண் போடும் நேரம் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் சம்பளமும் தந்தீர்கள். கடை வேலையை விட்டு வந்தவர்களுக்கு அதில்லாமல் கட்டுப்படியாகியிருக்காது.

முதல் நாளே ஒரு கணக்கைக் காட்டினீர்கள். பெண்களுக்கான அமெரிக்க அறக்கட்டளையான மிஸ் ஃபவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. 2017இல் அமெரிக்க அறக்கட்டளைகள் கொடுத்ததில் வெள்ளையரல்லாத பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று போனது அரை சதவீதம்தான்; தலைக்கு 5.48 டாலர். அப்போது சப்வேயில் போய்வர 5.50. வீடு திரும்ப இரண்டு சென்ட் இடிக்கிறதே என்றாள் ஒருத்தி.

எதிரே உட்கார்ந்திருந்த 17 வயதுத் தோழிக்குத் தனி நன்றி. எழுத்துப் பிழைகளைப் பார்த்து ஒரு விண்ணப்பத்துக்கு நான் பத்துக்கு இரண்டு போட்டிருந்தேன். "உங்க அம்மா எழுதியிருந்தா எத்தனை போட்டிருப்பே?" என்றாள். சரி என்று மறுபடி படித்தேன். முடி பின்னும் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் அவர்கள். கூட்டம் போட ஓர் இடம், அந்நேரம் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கேட்டது அவ்வளவுதான். கொடுத்தோம்.

தன் அக்காவின் குழு விண்ணப்பித்திருந்ததால் அன்று முழுக்க வெளியே இருந்த தோழிக்கும் நன்றி. அந்தக் குழுவுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் எங்களோடு பேசுகிறாள்!

மேல்வீட்டு டிரினிடாட் ஆன்ட்டி, தங்கள் ஊர் 'சூசூ' பற்றிச் சொன்னார். "இது நம்ம சீட்டுதானே," என்றார் அம்மா. அவசரம் உள்ளவளுக்கு முதலில் கொடுப்பார்களாம். அதைக் கேட்டுத்தான், வாடகை பாக்கியில் இருந்த குழுவுக்கு முதல் தவணையை அனுப்பச் சொன்னோம்.

ஒரு குறையும் உண்டு. விண்ணப்பம் 14 பக்கம். அடுத்த வருடம் வாயால் சொன்னாலும் பதிவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா, எலுமிச்சை சாதத்துக்கு ஒன்பது பேரின் நன்றி. உன் எவர்சில்வர் தூக்கு இன்னும் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை எடுத்து வருகிறேன்.